போரில் முதலில் போய், கடைசியில் திரும்பும் 'சாப்பர்' வீரர்கள்: இவர்களின் வேலை என்ன?

2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் ஏற்பட்ட நிலச்சரிவு நினைவிருக்கிறதா? 200-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த அந்தப் பேரிடரில், சூரல்மலையில் இருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த முண்டக்கைக்கு ஜேசிபி கூட போக முடியாத நிலை. அப்போது பெங்களூருவில் இருந்து வந்த ராணுவத்தினர், மழைக்கு நடுவே, இரவிலும் வேலையை நிறுத்தாமல் 190 அடி நீளத்துக்கு ஓர் இரும்புப் பாலத்தை அமைத்தனர். ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாலையில் அதன் மீது வாகனங்கள் ஓடின. பணியை முன்னின்று நடத்திய மேஜர் சீதா ஷெல்கே அந்தப் பாலத்தில் நிற்கும் புகைப்படம் சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவியது.

அந்தப் படையின் பெயர் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். ராணுவத்தில் 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளம், நிலச்சரிவு வந்தால் மட்டுமே இவர்கள் டிவி திரையில் தெரிகிறார்கள். ஆனால் இவர்கள் பயிற்சி எடுப்பது போருக்காக. வயநாட்டில் கட்டிய அதே பாலத்தை, போரில் எதிரி குண்டு வீசிக்கொண்டிருக்கும்போது கட்ட வேண்டும். சில நேரம், தாங்கள் கட்டிய பாலத்தைத் தாங்களே வெடி வைத்துத் தகர்க்கவும் வேண்டும். அதைவிடக் கடினமான இன்னொரு வேலையும் இருக்கிறது. கண்ணிவெடி புதைக்கப்பட்ட நிலத்தில், பின்னால் ஒரு ராணுவமே காத்திருக்க, ஓர் அடி ஓர் அடியாகத் தவழ்ந்து பாதை திறக்க வேண்டும்.

யார் இந்த 'சாப்பர்'?

பழைய காலத்தில் ஒரு கோட்டையைப் பிடிக்க வேண்டும் என்றால், அதன் சுவரை நோக்கி நேராக ஓட முடியாது. ஓடினால் மேலே இருப்பவர்கள் சுட்டுவிடுவார்கள். அதனால் வளைந்து வளைந்து பள்ளம் தோண்டிக்கொண்டே சுவரை நெருங்குவார்கள். இந்தப் பள்ளத்துக்கு பிரெஞ்சு மொழியில் 'சாப்' என்று பெயர். அதைத் தோண்டியவர் சாப்பர்.

சுவரை நெருங்கிய பிறகு, அதன் அடியில் சுரங்கம் தோண்டி, உள்ளே வெடிமருந்தை நிரப்பிக் கொளுத்துவார்கள். சுவர் சரியும். அந்தச் சுரங்கத்தின் பெயர் 'மைன்'. பிற்காலத்தில் மண்ணுக்குள் புதைத்து வைக்கும் குண்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் நாம் சொல்லும் கண்ணிவெடி என்ற சொல் வேறு வழியில் வந்தது. பறவைக்கு வைக்கும் கண்ணி போல, காலடிக்காகக் காத்திருக்கும் வெடி. உண்மையில் பொருளுக்கு நெருக்கமாக இருப்பது தமிழ்ச் சொல்தான்.

இன்றைய ராணுவங்களில் சாப்பர்களின் வேலையைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கிறார்கள். தங்கள் படை முன்னேற வழி செய்வது முதல் வேலை. எதிரிப் படை முன்னேறாமல் வழியை அடைப்பது இரண்டாவது. பதுங்கு குழி, தண்ணீர் வசதி போன்றவற்றை அமைத்து, இருக்கும் வீரர்களைக் காப்பாற்றுவது மூன்றாவது. தேவைப்பட்டால் கருவியைக் கீழே வைத்துவிட்டு, துப்பாக்கியை எடுத்துக் காலாட்படையாகவும் சண்டை போட வேண்டும்.

சரி, சிவில் இன்ஜினியருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு பாலம் 50 ஆண்டுகள் நிற்குமா என்று சிவில் இன்ஜினியர் யோசிப்பார். நாளைக் காலை டாங்கிகள் கடந்து போகும் வரை நிற்குமா என்பதுதான் சாப்பரின் கேள்வி.

'தம்பி' என்ற பெயர் எப்படி வந்தது?

இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையில் மூன்று பெரிய பிரிவுகள் உள்ளன. பெங்களூருவில் மெட்ராஸ் சாப்பர்ஸ், ரூர்க்கியில் பெங்கால் சாப்பர்ஸ், புனே அருகே கட்கியில் பாம்பே சாப்பர்ஸ்.

இதில் மெட்ராஸ் பிரிவு 1780 செப்டம்பர் 30-ஆம் தேதி உருவானது. ஹைதர் அலியுடன் கிழக்கிந்தியக் கம்பெனி போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. 'மெட்ராஸ் பயனியர்ஸ்' என்ற பெயரில் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கப்பட்டது. 1799-இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை முற்றுகையிலும் இவர்கள் இருந்தார்கள். அந்நியக் கம்பெனிக்காக, தென்னிந்தியர்கள் தென்னிந்தியக் கோட்டைக்கு எதிராகப் பள்ளம் தோண்டிய வரலாறும் இந்தப் படையின் வரலாற்றில் அடங்கும்.

இன்று தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா என்று ஐந்து மாநில இளைஞர்களும் இதில் இருக்கிறார்கள். ஆனாலும் இந்தப் படையின் வீரர்களுக்கு ராணுவம் முழுவதும் வழங்கும் செல்லப் பெயர் 'தம்பி'. வடக்கே இருந்து வந்த அதிகாரிகளும் தங்கள் வீரர்களைத் தம்பி என்றே குறிப்பிடுகிறார்கள். தாய்மொழி கன்னடமாகவோ தெலுங்காகவோ இருந்தாலும் தம்பி தம்பிதான்.

கண்ணிவெடி வயலில் பாதை திறப்பது எப்படி?

இரண்டு வகை கண்ணிவெடிகளைத் தெரிந்துகொண்டால் இந்த வேலையின் ஆபத்து புரியும். டாங்கிக்கு வைக்கும் வெடி, ஒரு மனிதன் மிதித்தால் பெரும்பாலும் வெடிக்காது. அதற்கு அதிக எடை வேண்டும். ஆளுக்கு வைக்கும் வெடிக்குச் சில கிலோ அழுத்தம் போதும். தந்திரம் என்னவென்றால், இரண்டையும் கலந்து புதைப்பார்கள். டாங்கி வெடியை எடுக்க வரும் சாப்பருக்காகவே அதைச் சுற்றி ஆள் வெடிகள் இருக்கும். வெடியைத் தூக்கினால் அடியில் இருக்கும் இன்னொன்று வெடிக்கும்படியும் வைப்பார்கள்.

மெட்டல் டிடெக்டர் வருவதற்கு முன்பு இருந்த ஒரே கருவி, ஒரு கம்பி அல்லது துப்பாக்கிக் கத்தி. தரையில் படுத்துக்கொண்டு, சுமார் 30 டிகிரி சாய்வில் மண்ணுக்குள் மெதுவாகக் குத்திப் பார்க்க வேண்டும். ஏன் சாய்வாக? நேராகக் குத்தினால் வெடியின் மேல்தட்டில் பட்டு அழுத்திவிடும். சாய்வாகக் குத்தினால் பக்கவாட்டில் படும். கம்பியில் ஏதோ தட்டுப்பட்டால் நிறுத்தி, கையால் மண்ணை விலக்க வேண்டும். அது கல்லாகவும் இருக்கலாம். பத்தில் ஒன்பது முறை கல்லாகவே இருந்தாலும், பத்தாவது முறையும் அதே பொறுமையோடு விலக்க வேண்டும்.

பாதை திறந்த இடத்தில் இருபுறமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவார்கள். பின்னால் வரும் வீரருக்கு அந்த நாடாதான் உயிர்.

1942 அக்டோபரில் எகிப்தின் எல் அலமைனில், ஜெர்மன் தளபதி ரோமல் சுமார் 5 லட்சம் கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தார். ஜெர்மானியர்கள் அதற்கு வைத்த பெயர் 'சாத்தானின் தோட்டங்கள்'. அந்தப் போரில்தான் போலந்து நாட்டு அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த, கையில் பிடித்து நடக்கும் மெட்டல் டிடெக்டர் பெரிய அளவில் பயன்பட்டது. கம்பியால் குத்திப் பார்ப்பதைவிட வேகம் இரு மடங்கானது. ஆனால் டிடெக்டர் பிடித்தவர் படுத்துக்கொள்ள முடியாது. குண்டுகளுக்கு நடுவே நிமிர்ந்து நடக்க வேண்டும்.

மிஞ்ஞானோவில் நான்கு விநாடிகள்

1944 பிப்ரவரி 24. இத்தாலியில் மோன்டே கசினோ மலையைப் பிடிக்க நேச நாட்டுப் படைகள் மாதக்கணக்கில் போராடிக்கொண்டிருந்தன. அதற்குப் பக்கத்தில் மிஞ்ஞானோ என்ற ஊர். அங்கே கண்ணிவெடி அகற்றும் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கியவர், மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் வட்டாரத்தைச் சேர்ந்தவர்.

சுபேதார் என்றால் அனுபவம் மிக்க பதவி. டிடெக்டரை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் வரலாம். ஆனால் அவரே டிடெக்டரோடு முன்னால் போனார். அவருக்குப் பின்னால் ஒரு வீரர் நாடா கட்டிக்கொண்டே வந்தார். அதற்குப் பின்னால் மற்றவர்கள்.

அப்போது பின்னால் வந்தவரின் காலடியில் ஒரு வெடி மிதிபட்டது. ஜெர்மானியர்களின் 'எஸ்' வகைக் கண்ணிவெடி அது. இந்த வெடியின் குணம் விசித்திரமானது. மிதித்தவுடன் முதலில் ஒரு சின்னச் சத்தம். சுமார் நான்கு விநாடி கழித்து, வெடி தானாகவே மேலே குதிக்கும். இடுப்பு உயரத்தில் வெடித்து, நூற்றுக்கணக்கான இரும்புக் குண்டுகளை நாலா பக்கமும் வீசும். ஒருவரை மட்டும் கொல்வதற்கு அல்ல, சுற்றி இருக்கும் மொத்தக் குழுவையும் வீழ்த்துவதற்காகச் செய்யப்பட்டது.

அந்தச் சின்னச் சத்தம் என்ன என்று சுப்பிரமணியனுக்குத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் எதிர்ப்பக்கம் விழுந்து தப்பிக்கப் பார்த்திருக்கலாம். அவர் திரும்பிப் பாய்ந்து, அந்த வெடியின் மீதே விழுந்தார். வெடிப்பைத் தன் உடலில் வாங்கிக்கொண்டார். பின்னால் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அவருக்கு மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது. எதிரியை நேரில் சந்தித்துப் போரிடாத சூழலில் காட்டப்படும் வீரத்துக்கு பிரிட்டன் வழங்கும் மிக உயர்ந்த விருது அது. சாப்பர்களின் வேலையைப் புரிந்துகொள்ள இந்த விருதின் விதியே ஒரு குறிப்பு. பல நேரங்களில் அவர்களின் எதிரி கண்ணுக்கு முன் இருப்பதில்லை. வெடியைப் புதைத்துவிட்டு எப்போதோ போய்விட்டிருப்பான்.

டாங்கிக்கு அடியில் தவழ்ந்த ரானே

சுதந்திர இந்தியாவின் மிக உயர்ந்த வீர விருதான பரம்வீர் சக்ராவை உயிரோடு இருக்கும்போதே பெற்ற முதல் வீரர் ஒரு சாப்பர். அவர் பெயர் ராமா ராகோபா ரானே. பாம்பே சாப்பர்ஸில் செகண்ட் லெப்டினன்ட்.

1948 ஏப்ரலில் காஷ்மீரின் நௌஷேராவில் இருந்து ரஜௌரியை மீட்க இந்தியப் படை கிளம்பியது. ரஜௌரியில் மக்கள் பெரும் துயரத்தில் இருக்கிறார்கள், சீக்கிரம் போயாக வேண்டும். ஆனால் மலைப்பாதை நெடுக மரங்களை வெட்டிப் போட்டும், கண்ணிவெடிகளைப் புதைத்தும் எதிரிகள் வழியை அடைத்திருந்தனர். டாங்கிகள் இருந்தும் நகர முடியவில்லை.

ஏப்ரல் 8-ஆம் தேதி ரானேவின் குழு வேலையைத் தொடங்கியதும் மோட்டார் குண்டுகள் விழுந்தன. இரண்டு வீரர்கள் உயிரிழந்தனர். ரானே உட்பட 5 பேருக்குக் காயம். அவர் சிகிச்சைக்குத் திரும்பவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் தடைகளை அகற்றிக்கொண்டே போனார்.

எதிரியின் மெஷின் கன் சுடும் இடங்களில் வெளியே தலைகாட்டவே முடியாது. அதற்கு ரானே கண்டுபிடித்த வழி, டாங்கியின் அடியில் புகுந்துகொள்வது. இரண்டு சக்கரப் பட்டைகளுக்கு நடுவே தவழ்ந்துகொண்டே, முன்னால் இருக்கும் வெடிகளை அகற்றினார். நிறுத்து, நகர்த்து என்று உள்ளே இருக்கும் டிரைவருக்குக் கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தார். டிரைவர் ஒரு சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

11-ஆம் தேதி அவர் இடைவிடாமல் 17 மணி நேரம் வேலை செய்தார். டாங்கிகள் சிங்கஸ் என்ற இடத்தைத் தாண்டின. மறுநாள் ரஜௌரி மீட்கப்பட்டது.

பசந்தர்: பாதி திறந்த பாதை

1971 டிசம்பர் 16 என்றதும் டாக்காவில் பாகிஸ்தான் சரணடைந்தது நினைவுக்கு வரும். அதே நாளில், மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில் கடும் டாங்கிச் சண்டை நடந்தது. 21 வயது அருண் கேத்ரபால் உயிரிழந்து, பரம்வீர் சக்ரா பெற்றது அங்கேதான்.

அவரது டாங்கிப் படை ஆற்றைத் தாண்டியதற்கு முந்தைய இரவின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காலாட்படை ஆற்றைக் கடந்து மறுகரையில் இடம் பிடித்துவிட்டது. டாங்கிகள் பின்தொடர வேண்டும். நடுவில் அகலமான கண்ணிவெடி வயல். அதில் பாதை திறக்கும் பொறுப்பு மெட்ராஸ் சாப்பர்ஸின் 9-வது இன்ஜினியர் ரெஜிமென்டுக்கு.

பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருக்க, இருட்டில் வேலை நடந்தது. பாதி தூரம்தான் முடிந்திருந்தது. அதற்குள் மறுகரையில் பாகிஸ்தான் டாங்கிகளின் நடமாட்டம் தெரிவதாகத் தகவல் வந்தது. காத்திருந்தால் அங்கே இருக்கும் காலாட்படை நசுங்கிவிடும். மீதிப் பாதை திறக்கப்படாமலேயே, அந்த வயலுக்குள் போவது என்று பூனா ஹார்ஸ் படை முடிவெடுத்தது. டாங்கிகள் கடந்தன.

டாங்கிப் படையின் துணிச்சல் என்று இதைச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் அந்த முடிவை எடுக்கும் அளவுக்குப் பாதி வயலைக் குறைத்து வைத்திருந்தவர்கள், இருட்டில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த சாப்பர்கள். கண்ணிவெடி அகற்றும் பணியைக் களத்தில் நின்றே வழிநடத்திய 9-வது ரெஜிமென்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி, பீரங்கித் தாக்குதலில் உயிரிழந்தார். அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

பெங்களூரு பெயரில் ஓர் ஆயுதம்

உலகப் போர்ப் படங்கள் பார்ப்பவர்களுக்கு 'பெங்களூர் டார்பிடோ' என்ற பெயர் தெரிந்திருக்கலாம். 1912-இல் பெங்களூருவில், மெட்ராஸ் சாப்பர்ஸில் பணியாற்றிய கேப்டன் மெக்ளின்டாக் என்ற பிரிட்டிஷ் அதிகாரி உருவாக்கியது இது.

ரொம்ப எளிமையான பொருள். வெடிமருந்து அடைத்த குழாய்கள். ஒன்றோடு ஒன்றை மாட்டி நீளமாக்கிக்கொண்டே போகலாம். முள்வேலிக்கு அடியில் மெதுவாகத் தள்ளி, பின்னால் இருந்து வெடிக்க வைத்தால், வேலி அறுந்து ஆள் போகும் அளவுக்கு இடைவெளி கிடைக்கும். இதில் முக்கியமான விஷயம், தள்ளுபவர் பள்ளத்தைவிட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. வேலியின் பக்கத்தில் போய்க் கையால் வெட்ட வேண்டிய நிலை மாறியது.

1944 ஜூன் 6-ஆம் தேதி, பிரான்ஸின் நார்மண்டியில் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்க வீரர்கள் முள்வேலியைத் தகர்த்தது இந்தக் குழாய்களால்தான். அதே கடற்கரையில், படகுகளுக்குத் தடையாக நடப்பட்ட இரும்பு, மரத் தடைகளை வெடி வைத்து அகற்ற அமெரிக்கப் பொறியாளர் குழுக்கள் முதல் அலையிலேயே இறங்கின. மொத்தம் 16 வழிகள் திறப்பதாகத் திட்டம். முதல் முயற்சியில் அதில் பாதி கூட முழுதாகத் திறக்கப்படவில்லை. அந்தக் குழுக்களில் சுமார் பத்தில் நான்கு பேர் உயிரிழந்தனர் அல்லது காயமடைந்தனர். இன்னொரு சிக்கலும் இருந்தது. தடைகளுக்குப் பின்னால் குண்டுக்குப் பயந்து தங்கள் நாட்டு வீரர்களே ஒளிந்திருந்தார்கள். அவர்களை அங்கிருந்து விரட்டினால்தான் வெடியைக் கொளுத்த முடியும்.

பாலம் கட்டுவது

வயநாட்டில் அமைத்தது பெய்லி பாலம். பிரிட்டிஷ் பொறியாளர் டொனால்ட் பெய்லி இரண்டாம் உலகப் போரின்போது வடிவமைத்தது. 80 ஆண்டுகள் கடந்தும் அதையே பயன்படுத்துகிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது.

இதன் அடிப்படை, 10 அடி நீளமுள்ள ஓர் இரும்புச் சட்டம். ஆறு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். கிரேன் வேண்டாம். சட்டங்களைப் பின் அடித்து இணைக்க வேண்டும், வெல்டிங் வேண்டாம். சாதாரண லாரியில் ஏற்றலாம். மொத்தப் பாலத்தையும் ஒரே கரையில் வைத்துப் பூட்டி, உருளைகளின் மீது மெல்ல மெல்ல ஆற்றின் குறுக்கே தள்ளுவார்கள். மறுகரையில் எதிரி இருந்தாலும், அங்கே ஆள் போகாமலேயே பாலத்தின் மூக்கு அந்தக் கரையைத் தொட்டுவிடும். இருட்டில், கைகளால் தடவிப் பார்த்தே கட்டும் அளவுக்கு வீரர்கள் இதில் பயிற்சி எடுப்பார்கள்.

இன்று இந்தியாவிடம் 'சர்வத்ரா' என்ற பாலமும் இருக்கிறது. டிஆர்டிஓ உருவாக்கியது. லாரியில் மடித்து வைத்த பாலம், இயந்திரத்தால் விரிந்து கீழே அமர்ந்துவிடும். ஐந்து லாரிகள் சேர்ந்தால் 75 மீட்டர் வரை கடக்கலாம். 'எங்கும்' என்று பொருள் தரும் சர்வத்ரா, பொறியாளர் படையின் முழக்கச் சொல்லும்கூட.

பாலத்தை உடைப்பது: இரண்டு ஆறுகள், இரண்டு முடிவுகள்

கட்டுவதைவிட உடைப்பதுதான் சாப்பருக்கு மனதளவில் கனமான வேலை. காரணம், எப்போது உடைப்பது என்ற கேள்வி.

1942 பிப்ரவரி. பர்மாவில் ஜப்பானியப் படை ரங்கூனை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தது. 17-வது இந்திய டிவிஷன் பின்வாங்கிக்கொண்டிருந்தது. பின்வாங்கும் வழியில் சிட்டாங் ஆறு. அதன் மீது ஒரே ஒரு ரயில் பாலம். எல்லோரும் அதன் வழியாகத்தான் மேற்குக் கரைக்கு வர வேண்டும். எல்லோரும் வந்த பிறகு அதைத் தகர்த்துவிட வேண்டும்.

வெடி வைத்தவர்கள், பஞ்சாபின் மலேர்கோட்லா சமஸ்தானத்துச் சாப்பர்கள். 22-ஆம் தேதி இரவு ஆனபோது டிவிஷனின் பெரும்பகுதி இன்னும் கிழக்குக் கரையில். ஜப்பானியர்கள் பாலத்தை நெருங்கிவிட்டார்கள். விடிந்துவிட்டால் மெஷின் கன் குண்டுகளுக்கு நடுவே பாலத்தில் யாரும் நிற்க முடியாது, வெடியைக் கொளுத்தவும் முடியாது. பாலம் முழுதாக ஜப்பானியர் கையில் போனால், ரங்கூன் வரை தடுக்க எதுவும் இல்லை.

டிவிஷன் தளபதி ஜான் ஸ்மித்திடம் அனுமதி கேட்கப்பட்டது. அவர் கொடுத்தார். 23-ஆம் தேதி அதிகாலை சுமார் 5.30 மணிக்குப் பாலம் தகர்க்கப்பட்டது.

சத்தம் கேட்ட கிழக்குக் கரை வீரர்களுக்கு விஷயம் புரிந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டு ஆற்றில் குதித்தார்கள். மூங்கில்களையும் பெட்ரோல் டின்களையும் கட்டித் தெப்பமாக்கினார்கள். நீச்சல் தெரியாதவர்கள் பலர் கரை சேரவில்லை. மிஞ்சியவர்களைக் கணக்கெடுத்தபோது, அந்த டிவிஷனில் சுமார் 3,500 காலாட்படை வீரர்களும், 1,400 துப்பாக்கிகளும்தான் இருந்தன. அடுத்த இரண்டு வாரங்களில் ரங்கூனும் வீழ்ந்தது. ஸ்மித்தின் பதவி பறிபோனது.

அவசரப்பட்டுவிட்டார்களா? ராணுவ வரலாற்றாசிரியர்கள் இன்றும் இதைப் பற்றி வாதிடுகிறார்கள். முடிவு மேலே எடுக்கப்பட்டது, வெடியைக் கொளுத்திய கை கீழே இருந்தது. அந்தக் கைக்கு மறுகரையில் இருந்தவர்கள் எதிரிகள் இல்லை, கூட வந்தவர்கள்.

இதற்கு நேர் எதிரான கதை ஜெர்மனியின் ரைன் ஆற்றில் நடந்தது. 1945 மார்ச் 7-ஆம் தேதி, ரெமாகன் என்ற ஊரில் இருந்த லூடன்டார்ஃப் ரயில் பாலத்தை ஜெர்மானியர்கள் கடைசி நிமிடம் வரை வைத்திருந்தார்கள். பின்வாங்கி வரும் தங்கள் வீரர்களுக்காகக் காத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் எதிர்க்கரைக்கு வந்ததும் ஸ்விட்ச் அழுத்தப்பட்டது, வெடிக்கவில்லை. ஒரு வீரர் குண்டுகளுக்கு நடுவே ஓடிப்போய்க் கையாலேயே திரியைப் பற்றவைத்தார். பாலம் ஒருமுறை மேலே எழும்பி, அதே இடத்தில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டது. தேவையான வெடிமருந்து வந்து சேராததால், தரம் குறைந்ததை வைத்திருந்தார்கள். அமெரிக்கப் பொறியாளர்கள் பாலத்தில் ஓடிக்கொண்டே மீதி வயர்களை வெட்டினார்கள்.

பாலம் தகராததற்காக ஹிட்லரின் உத்தரவில் நடந்த ராணுவ விசாரணையில் நான்கு ஜெர்மன் அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பாலமும் நிலைக்கவில்லை. பத்து நாள் கழித்து, மார்ச் 17-ஆம் தேதி, பழுது பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பொறியாளர்களோடு ஆற்றில் சரிந்தது. 28 பேர் உயிரிழந்தனர்.

ட்ரோன் காலத்தில் என்ன மாறியது?

டாங்கிக்கு முன்னால் கலப்பை மாட்டி வெடிகளைப் புரட்டிப் போடும் வாகனம், ராக்கெட்டில் வெடிமருந்துக் கயிற்றை வீசி ஒரே நேரத்தில் சுமார் 100 மீட்டருக்குப் பாதை திறக்கும் கருவி என்று இப்போது எல்லாம் வந்துவிட்டன. அப்படியானால் தவழும் வேலை முடிந்துவிட்டதா?

யுக்ரேன் போர் அதற்கு 'இல்லை' என்று பதில் சொன்னது. 2023 ஜூன் மாதம் தெற்கே ஸப்பொரிஷியா பகுதியில் யுக்ரேன் படை எதிர்த்தாக்குதலைத் தொடங்கியது. மேற்கத்திய நாடுகள் கொடுத்த லெப்பர்ட் டாங்கிகளும், கண்ணிவெடி அகற்றும் வாகனங்களும் முன்னால் போயின. ரஷ்யா புதைத்திருந்த வெடிகளின் அடர்த்தியில் முதல் சில நாட்களிலேயே பல வாகனங்கள் சிக்கி நின்றன. நின்ற வாகனத்தை ட்ரோன் பார்த்துவிடும். பார்த்த சில நிமிடங்களில் பீரங்கிக் குண்டு வரும்.

அதன் பிறகு பல இடங்களில் யுக்ரேன் சாப்பர்கள் பழைய முறைக்கே திரும்பினார்கள். இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழுக்களாக, விடியும் முன்போ இருட்டிய பிறகோ, தரையில் தவழ்ந்து, கம்பியும் கையுமாக. பெரிய இயந்திரம் ட்ரோன் கண்ணுக்குத் தெரியும். தரையோடு தரையாகக் கிடக்கும் மனிதன் தப்பிக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

பாலத்துக்கும் இதே கதைதான். 2022 மே மாதம் சிவெர்ஸ்கி டொனெட்ஸ் ஆற்றில் பிலோஹோரிவ்கா அருகே ரஷ்யப் படை மிதவைப் பாலம் அமைத்துக் கடக்க முயன்றது. பாலம் இருக்கும் இடம் தெரிந்ததும் யுக்ரேன் பீரங்கிகள் அதைக் குறிவைத்தன. பாலமும், இரு கரையிலும் குவிந்திருந்த டஜன் கணக்கான ராணுவ வாகனங்களும் அழிந்தன.

சண்டை முடிந்த பிறகும் முடியாத வேலை

புதைத்த கண்ணிவெடிக்குப் போர்நிறுத்தம் தெரியாது. அதனால் மற்ற படைகள் முகாமுக்குத் திரும்பிய பிறகும் சாப்பர்கள் அதே நிலத்தில் இருப்பார்கள்.

2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, 'ஆபரேஷன் பராக்ரம்' என்ற பெயரில் இந்தியா தனது மேற்கு எல்லைக்குப் படைகளை அனுப்பியது. ராஜஸ்தான், பஞ்சாப், ஜம்மு எல்லைகளில், விவசாய நிலங்கள் உட்பட, பெரும் பரப்பில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. போர் நடக்கவே இல்லை. ஆனால் வெடிகளைப் புதைக்கும்போதும் பிறகு எடுக்கும்போதும் நடந்த விபத்துகளில் பல வீரர்கள் உயிரிழந்தனர்.

எடுக்கும் வேலை ஏன் ஆபத்து? புதைத்த இடத்தின் வரைபடம் இருக்கும். ஆனால் பாலைவனத்தில் காற்று மணலை நகர்த்திவிடும். வயலில் மழைநீர் வெடியை இழுத்துப் போய்விடும். பத்து புதைத்த இடத்தில் ஒன்பது கிடைத்தால், பத்தாவதைத் தேடாமல் அந்த நிலத்தை விவசாயியிடம் கொடுக்க முடியாது.

ஆட்களைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா ஒப்பந்தம் 1997-இல் உருவானது. 160-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இணைந்தன. இந்தியா, பாகிஸ்தான், சீனா, ரஷ்யா, அமெரிக்கா இணையவில்லை. நீண்ட எல்லையைக் காக்க இந்த வெடிகள் தேவை என்பது இந்தியாவின் வாதம். 2025-இல் ரஷ்யாவை ஒட்டியுள்ள ஃபின்லாந்து, போலந்து, எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய ஐந்து நாடுகள் அந்த ஒப்பந்தத்தைவிட்டு விலகும் முடிவை எடுத்தன.

இலங்கை 2017-இல் இணைந்தது. அங்கே போரின்போது ராணுவம், விடுதலைப் புலிகள் என இரு தரப்பும் வடக்கிலும் கிழக்கிலும் கண்ணிவெடிகளைப் புதைத்திருந்தன. இலங்கை ராணுவத்தின் பொறியாளர்களோடு, ஹாலோ டிரஸ்ட், மேக் போன்ற தொண்டு அமைப்புகளும் அவற்றை அகற்றி வருகின்றன. இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நடத்திய அமைப்புகளும் அங்கே போய் இந்த வேலையைச் செய்திருக்கின்றன.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, முகமாலைப் பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணியில் உள்ளூர்த் தமிழ்ப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். போரில் கணவரை இழந்து, குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவர்களும் அவர்களில் உண்டு. முகத்தை மூடும் கண்ணாடிக் கவசமும் கனமான மேலங்கியும் போட்டுக்கொண்டு, வெயிலில் முழங்காலிட்டு, டிடெக்டர் சத்தம் கொடுத்த இடத்தில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கிறார்கள். இரும்புத் துண்டுகள் நிறைந்த நிலமாக இருந்தால், ஒருவர் ஒரு நாளில் முடிப்பது சில சதுர மீட்டர்தான். முடித்த இடத்தில் குச்சி நட்டுவிட்டு, மறுநாள் காலை அதே குச்சியில் இருந்து தொடங்குகிறார்கள்.